பகடையும் நட்சத்திரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிசம்பர் விடுமுறை நெருங்குவதால், ரீவியில் நாலு பேர் சேர்ந்து பகடை உருட்டி ஆடும் 'பார்ட்டி' விளையாட்டுகளைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பலகையில் கட்டம் கட்டமாக நகர்வது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாரும் ஒரு சிறு விளையாட்டில் மோதுவது, அதில் கிடைக்கும் காசைக் கொண்டு நட்சத்திரம் வாங்குவது என்பதே இவற்றின் அடிப்படை. 1998இல் நிண்டெண்டோ 64 என்னும் விளையாட்டுக் கொன்சோலில் வந்த மரியோ பார்ட்டிதான் இந்த வகைக்கு அச்சு வார்த்தது. அதை உருவாக்கியது ஹட்சன் சொஃப்ட் நிறுவனம்.

*

வீட்டில் ஒரு நிண்டெண்டோ சுவிட்ச் கொன்சோல் இருக்கிறது. அதனோடு வந்த ஒரு சோடி ஜாய்-கான் (கழற்றக்கூடிய சிறு கன்ட்ரோலர்) மட்டுமே உண்டு. பிள்ளைகள் நாலு பேர். எந்த மரியோ பார்ட்டியை வாங்குவது? இன்னும் எத்தனை கன்ட்ரோலர் வேண்டும்? — ஒரு தந்தை, கல்முனை

ஒரு சோடி ஜாய்-கானை இரண்டாகப் பிரித்துக் கிடையாகப் பிடித்தால் இருவர் ஆடலாம். ஆகவே இன்னும் ஒரு சோடி போதும், நாலு பேருக்கும் ஆளுக்கொன்று கிடைத்துவிடும்.

எந்த விளையாட்டு என்பதுதான் முக்கியம். சுவிட்சுக்கு மூன்று வந்துள்ளன. 2018இல் வந்த சூப்பர் மரியோ பார்ட்டிக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒற்றை ஜாய்-கான் கட்டாயம் இருக்கவேண்டும். ப்ரோ கன்ட்ரோலர் வைத்திருப்பவர் அதில் ஆட முடியாது. 2021 ஒக்டோபரில் வந்த மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸில் பழைய பலகைகள் 5, சிறு விளையாட்டுகள் 100. எல்லாமே பட்டனாலும் ஸ்டிக்காலும் ஆடுபவை. கையை ஆட்டத் தேவையில்லை, எந்தக் கன்ட்ரோலரும் செல்லும். 2024 ஒக்டோபரில் வந்த ஜம்போரீயில் பலகைகள் 7, சிறு விளையாட்டுகள் 110க்கு மேல். அதில் சில கையை அசைத்து ஆடுபவை. வேண்டாம் என்றால் அவற்றை அமைப்பில் நிறுத்தி வைக்கலாம்.

உங்கள் நிலைமைக்கு சூப்பர்ஸ்டார்ஸையே சொல்வோம். கன்ட்ரோலர் தகராறு இல்லை, விதிகள் எளிமை, சின்னப் பிள்ளையும் விரைவில் பிடித்துக்கொள்ளும். திரையில் தமிழ் இல்லை என்பது பெரிய தடையல்ல. ஒவ்வொரு சிறு விளையாட்டுக்கும் முன்னால் பழகிப் பார்க்கும் திரை வரும். 'ரெடி' கொடுக்க அவசரப்படாமல் அங்கே ஒரு நிமிடம் நின்றால், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பிள்ளையும் எந்தப் பட்டனுக்கு என்ன நடக்கிறது என்று கண்டுகொள்ளும்.

*

எனக்கும் தம்பிக்கும் எட்டு வயது வித்தியாசம். சிறு விளையாட்டு எல்லாவற்றிலும் நான்தான் வெல்கிறேன். கடைசியில் நட்சத்திரம் எண்ணும்போது அவன் வென்றுவிடுகிறான். இதில் திறமைக்கு இடமே இல்லையா? — ஒரு மாணவி, ஏறாவூர்

இடம் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் நீங்கள் திறமையைச் சிறு விளையாட்டில் மட்டும் செலவழிக்கிறீர்கள். பலகையில்தான் ஆட்டம் தீர்மானமாகிறது.

முதலில் கணக்கு. சூப்பர்ஸ்டார்ஸில் நீலக் கட்டத்தில் நின்றால் 3 காசு கூடும், சிவப்பில் நின்றால் 3 காசு குறையும். சிறு விளையாட்டில் வென்றால் 10 காசு. நட்சத்திரத்தின் விலை 20. ஆகவே இரண்டு சிறு விளையாட்டு வென்றால் ஒரு நட்சத்திரத்துக்கான காசு கையில். நீலக் கட்டங்களால் மட்டும் அதைச் சேர்க்க ஏழு தடவை நிற்கவேண்டும். இந்த அளவில் உங்கள் திறமைக்குப் பலன் உண்டு. ஆனால் காசு மட்டும் வெற்றி ஆகாது. நட்சத்திரம் இருக்கும் இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தால்தான் அது நட்சத்திரமாகும். 70 காசை மடியில் வைத்துக்கொண்டு பலகையின் மறுகோடியில் சுற்றுபவர், 22 காசோடு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் தோற்கிறார்.

அந்த இடைவெளியை மூடுவது பலகையில் உள்ள கடையில் வாங்கும் பொருட்கள்தான். நட்சத்திரத்தில் சரியாக நிற்கத் தேவையில்லை, அதைக் கடந்தாலே வாங்கலாம். பகடையில் 1 முதல் 10 வரை விழும். நட்சத்திரம் 9 கட்டம் தள்ளி இருந்தால் ஒற்றைப் பகடையில் 9 அல்லது 10 விழவேண்டும். நூற்றுக்கு 20 வாய்ப்பு. இரட்டைப் பகடை கையில் இருந்தால் அதே 9 கட்டத்தைத் தாண்ட நூற்றுக்கு 72 வாய்ப்பு. ஒரு சின்னப் பொருள் வாய்ப்பை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்துகிறது. அதனால் கடையைக் கடக்கும்போது காசை இறுக்கிப் பிடிக்காமல் இரட்டைப் பகடை ஒன்று வாங்கி வையுங்கள். நட்சத்திரம் 4 கட்டத்தில் இருக்கும்போது அதை வீணாக்காதீர்கள். 8 முதல் 12 கட்டத் தூரத்தில்தான் அதற்கு முழுப் பெறுமதி.

எண்ணைத் தெரிவுசெய்யும் பகடை இதைவிட அருமையானது. பெரும்பாலான பிள்ளைகள் அதில் 10ஐத் தெரிவார்கள். கையில் 14 காசு, நட்சத்திரம் 3 கட்டம் முன்னால் என்று வையுங்கள். சாதாரணமாக உருட்டினால் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள், வாங்கக் காசு இருக்காது. அப்போது 1ஐத் தெரிந்து முன்னாலேயே நில்லுங்கள். அந்தச் சுற்றின் சிறு விளையாட்டில் வென்றால் 24; அடுத்த முறை வாங்கலாம்.

இனி பேய். பூ (Boo) என்னும் அந்தப் பேய்ப் பாத்திரம் 50 காசுக்கு இன்னொருவரின் நட்சத்திரத்தைத் திருடித் தரும். 20 காசுக் காரியத்துக்கு 50 கொடுப்பதா என்று தோன்றும். ஆனால் முன்னணியில் நிற்பவரிடம் எடுத்தால் உங்களுக்கு ஒன்று கூடுகிறது, அவருக்கு ஒன்று குறைகிறது. இடைவெளி இரண்டால் சுருங்குகிறது. இரண்டு நட்சத்திரம் வாங்க 40 காசும் இரண்டு பயணமும் வேண்டும் அல்லவா? அதனால் கடைசிச் சுற்றுகளில் பூவிடம் போவது சரியான கணக்கே. தம்பி ஒருவேளை இதைத்தான் செய்கிறாரோ என்று கவனியுங்கள்.

இன்னொன்றையும் பலர் பார்ப்பதில்லை. சுற்றின் முடிவில் நாலு பேரும் நின்ற கட்டத்தின் நிறம்தான் அடுத்த சிறு விளையாட்டின் வகையைத் தீர்மானிக்கிறது. நாலும் ஒரே நிறம் என்றால் தனித்தனி மோதல். ஒருவர் மட்டும் வேறு நிறம் என்றால் ஒருவருக்கு எதிராக மூவர். இரண்டு இரண்டாகப் பிரிந்தால் சோடி ஆட்டம். மற்ற நிறக் கட்டங்களில் நிற்பவர் நீலமா சிவப்பா என்று விளையாட்டே ஒதுக்கிவிடும்.

கடைசியில் வரும் கூடுதல் நட்சத்திரங்களைப் பற்றி. அதிகக் கட்டம் நகர்ந்தவர், அதிகப் பொருள் பாவித்தவர் போன்ற காரணங்களுக்காக ஆட்டம் முடிந்தபின் கொடுப்பது. உங்களுக்கு எரிச்சல் தருவது பெரும்பாலும் இதுதான். தொடங்கு முன் அமைப்பில் அதை நிறுத்தி வைக்கலாம். நிறுத்தாமல் ஆடவே நாங்கள் சொல்வோம். எட்டு வயது இளையவர் கடைசி நிமிடம் வரை கதிரையை விட்டு எழும்பாமல் இருப்பது அந்த நட்சத்திரங்களால்தான். அவர் எழும்பிப் போனால் உங்களுக்கு விளையாட ஆள் இல்லை.

*

சூப்பர்ஸ்டார்ஸின் ஐந்து பலகைகளில் முதலில் எதில் தொடங்கலாம்? — வாசகர், செங்கலடி

புதியவர்களுக்கு பீச்சின் பிறந்தநாள் கேக். நட்சத்திரம் ஒரே இடத்தில் இருப்பதால் வழி தேடவேண்டியதில்லை. மற்றவர் நட்டுவைத்த பூச்செடியில் மாட்டினால் நட்சத்திரம் பறிபோகும் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். யோஷியின் தீவில் யாராவது நிகழ்வுக் கட்டத்தில் நின்றால் நட்சத்திரமும் பவுசர் என்னும் வில்லனும் இடம் மாறிவிடும். ஒரு தீவிலிருந்து மற்றதற்குக் காசு கொடுத்துத்தான் போகவேண்டும். அது இரண்டாவதாக. விண்வெளிப் பலகையில் நடுப்பாதையில் நிற்பவரின் காசு முழுவதையும் பவுசரின் கதிர் எடுத்துவிடும். அதற்கு முன் எண்ணிக்கை குறைந்துகொண்டு வருவதைப் பார்த்து விலகத் தெரியவேண்டும். இரவும் பகலும் மாறும் பேய்ப் பலகை எல்லாம் பழகிய பிறகு.

*

ஆட்டம் நடக்கும்போது கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடுமா? இன்வேட்டர் தேவையா? — வாழைச்சேனை

அழியாது. சுவிட்சுக்குள்ளேயே பற்றரி இருக்கிறது. டொக்கிலிருந்து (சுவிட்சை ரீவியோடு இணைக்கும் தாங்கி) தூக்கி மேசையில் நிறுத்தினால் அதன் சொந்தத் திரையில் அந்த இடத்திலிருந்தே தொடரலாம். நாலு பேர் பார்க்கச் சிறிய திரைதான், ஆனாலும் சுற்றை முடிக்கலாம். 2017இல் வந்த முதல் மாதிரியின் பற்றரி விளையாட்டைப் பொறுத்து 2.5 முதல் 6.5 மணி வரையும், 2019இன் பிற்பாதியில் திருத்தி வந்ததும் ஓலெட் மாதிரியும் 4.5 முதல் 9 மணி வரையும் நிற்கும். சூப்பர்ஸ்டார்ஸ் ஆட்டத்தை இடையிடையே தானாகச் சேமிக்கும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே நாலு பேரோடு தொடரலாம்.

ரீவியிலேயே தொடரவேண்டும் என்றால் கணினிக்குப் பாவிக்கும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று 32 அங்குல எல்ஈடி ரீவியையும் சுவிட்சையும் ஏறத்தாழ அரை மணி தாங்கும். அதற்குள் நடந்துகொண்டிருக்கும் சுற்றை முடிக்கலாம்.

டொக்கை சாதாரண போன் சார்ஜரில் கொளுவி, 'படம் வரவில்லை' என்று பலர் எழுதுகிறார்கள். ரீவிக்குப் படம் அனுப்ப டொக்குக்கு 15 வோல்ட் வேண்டும். 5 வோல்ட் மட்டும் கொடுக்கும் போன் சார்ஜரில் பற்றரி மெதுவாக ஏறலாம், ரீவியில் ஒன்றும் வராது. கூட வந்த அடப்டரையே பாவியுங்கள். அது 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், நமது 230க்குப் பிரச்சினை இல்லை.

ஒக்டோபர், நவம்பர் மாத மாலை இடிமழையில் ரீவியின் பிளக்கைக் கழற்றுவதோடு நிறுத்தாதீர்கள். டிஷ் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வயர் வழியாக ரீவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாக டொக்குக்கும் போகும்.

*

எங்களிடம் உள்ளது மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் கொண்ட பழைய பெட்டி ரீவி. கடையில் ஒரு கன்வேட்டர் வாங்கினோம், படமே வரவில்லை. — திருக்கோவில்

கன்வேட்டரின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டு வகை உண்டு, பெட்டி ஒரேமாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐயை வாங்கி ஏவியாகக் கொடுப்பது. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்குவதை வாங்கியிருந்தால் அது எந்தக் காலமும் வேலை செய்யாது, மாற்றிக்கொள்ளுங்கள். சரியான வகைதான் என்றால், அதன் யூஎஸ்பி வயரை 5 வோல்ட் சார்ஜரில் கொளுவினீர்களா என்று பாருங்கள். கன்வேட்டரின் பக்கத்தில் PAL, NTSC என்று ரீவி முறையை மாற்றும் ஒரு சிறு சுவிட்ச் இருந்தால் PAL பக்கம் தள்ளுங்கள்.

படம் வந்தபின் ஓரங்கள் வெட்டுப்பட்டு, காசு எண்ணிக்கை தெரியாமல் போகும். சுவிட்சின் அமைப்பில் ரீவி வெளியீடு என்ற பகுதியில் திரை அளவைக் குறைத்தால் சரியாகும். புதிய எல்ஈடி ரீவிக்காரருக்கும் ஒரு வார்த்தை: ரீவியின் பட அமைப்பை 'கேம்' என்று மாற்றாவிட்டால் பட்டன் அழுத்தியபின் திரையில் நடப்பது தாமதமாகும். தாளத்துக்கு அழுத்தும் சிறு விளையாட்டுகளில் அந்தத் தாமதத்தாலேயே தோற்பீர்கள்.

*

ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் ஒரு பக்கமாக நடக்கிறது. மணிக்கட்டுப் பட்டியும் கழற்ற முடியாமல் இறுகிவிட்டது. — காரைதீவு

பட்டியை முதலில் பார்ப்போம். அதைத் திருப்பிச் செருகியிருப்பீர்கள். பட்டியில் கூட்டல் அல்லது கழித்தல் அடையாளம் இருக்கும். ஜாய்-கானில் உள்ள அடையாளத்தோடு அது பொருந்தவேண்டும். கழற்ற, பட்டியின் அடியில் உள்ள பூட்டை விடுவித்து, ஜாய்-கானை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே ஒரே நேராகத் தள்ளுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் பட்டி செருகும் தண்டவாளம் உடையும்.

ஸ்டிக் நகர்வதற்கு, அமைப்பில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக்கை அளவுதிருத்தம் செய்யுங்கள். இரண்டு நாளில் திரும்பவும் வந்தால் உள்ளே உள்ள கரிப்பூச்சுத் தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். தொடுமுனைக்கு அடிக்கும் சுத்திகரிப்பான் சில வாரம் கைகொடுக்கும், நிரந்தரம் அல்ல. ஸ்டிக்கை மாற்றுவதே வழி. வெளியே நாலு மூவிதழ் ஆணி, உள்ளே கூட்டல் குறித் தலை (பிலிப்ஸ்) கொண்ட சின்ன ஆணிகள். திறந்தவுடன் இரண்டு பாதியையும் இழுக்காதீர்கள். நடுவில் மெல்லிய நாடா வயர் அறுந்துவிடும். பற்றரியை முதலில் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். போன் திருத்துபவர்களிடம் இந்தக் கருவிகள் இருக்கும்.

ஸ்டிக்கை உள்ளங்கையால் சுழற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். முதல் மரியோ பார்ட்டியில் அப்படிச் சுழற்றிப் பிள்ளைகளின் உள்ளங்கை காயப்பட்டதால், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிண்டெண்டோ கையுறை வழங்க ஒப்புக்கொண்டது. அப்படி ஸ்டிக்கைச் சுழற்றி ஆடும் கயிறிழுத்தல் விளையாட்டு சூப்பர்ஸ்டார்ஸில் திரும்பி வந்தபோது, உள்ளங்கையால் சுழற்றவேண்டாம் என்று திரையிலேயே எச்சரிக்கை போட்டார்கள். பெருவிரலால் சுழற்றுங்கள்.

கடற்கரையோரத்து வீடுகளில் உப்புக்காற்று உலோக முனைகளைச் சீக்கிரம் அரிக்கும். ஆடாதபோது மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். ஆடும்போது மட்டும் துணி போட்டு மூடவேண்டாம். சூடு மேல்பக்கத் துளையால்தான் வெளியேறுகிறது.

*

கொன்சோல் வாங்க வசதியில்லை. ஒரு லப்டொப் இருக்கிறது. நானா டோஹாவில் இருக்கிறார், அவரோடும் ஆட ஆசை. — அக்கரைப்பற்று

காசில்லாமல் தொடங்க சூப்பர் டக்ஸ் பார்ட்டி இருக்கிறது. திறந்த மூல விளையாட்டு, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். நாலு பேர் பகடை உருட்டி பிஸ்கட் சேர்த்து கேக் வாங்கவேண்டும். ஆள் குறைந்தால் கணினி நிரப்பும். சிறு விளையாட்டுகள் குறைவு. பார்ட்டி விளையாட்டு எப்படி இருக்கும் என்று பார்க்கப் போதும்.

விலை கொடுத்து வாங்குவதென்றால் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் 2018இல் வந்த பம்மல் பார்ட்டி. 8 பேர் வரை ஆடலாம், ஒரே அறையிலும் இணையத்திலும். சாவி சேர்த்துக் கிண்ணம் பெறவேண்டும், வழியில் ஒருவரை ஒருவர் ஆயுதத்தால் தாக்கலாம். பெரியவர்களுக்குச் சரி, சின்னப் பிள்ளைகளுக்கு இதைத் தரமாட்டோம்.

நானாவோடு ஆட ஸ்டீமின் ரிமோட் பிளே டுகெதர் வசதி உண்டு. விளையாட்டு உங்களிடம் மட்டும் இருந்தால் போதும். அவருக்கு ஓர் இணைப்பு அனுப்பினால் போனில் ஸ்டீம் லிங்க் செயலியால்கூட வரலாம். நடப்பது இதுதான்: விளையாட்டு உங்கள் லப்டொப்பில் ஓடுகிறது, அதன் படம் வீடியோவாக அவருக்குப் போகிறது, அவர் அழுத்தும் பட்டன் திரும்பி வருகிறது. ஆகவே முக்கியம் உங்கள் பக்கத்து ஏற்றும் வேகம். இறக்கும் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். வைஃபையை விட்டு ரவுட்டரில் வயர் கொளுவுங்கள். படத் தரத்தை 720க்குக் குறையுங்கள். அப்படிச் செய்தாலும் சிறு தாமதம் இருக்கும். வேகமாக அழுத்தும் ஆட்டங்களில் நானாவுக்கு நட்டம், யோசித்து ஆடும் ஆட்டங்களில் வித்தியாசம் தெரியாது.

*

மகனுக்கு ஆறு வயது, பெரியவளுக்குப் பதினொன்று. ஒவ்வொரு முறையும் அழுகையில்தான் முடிகிறது. — ஒரு தாய், காத்தான்குடி

நேரத்தைக் குறையுங்கள். 10 சுற்றுக்கே நாலு பேர் ஆடினால் ஏறத்தாழ ஒரு மணி ஆகும். ஆறு வயதுக்கு அதுவே எல்லை. 20 சுற்று பெரியவர்களுக்கு. சிறு விளையாட்டுத் தொகுதியில் 'குடும்பம்' என்பதைத் தெரியுங்கள், கடினமானவை விலகும். தொடங்கு முன் சின்னவருக்கு முன்கூட்டியே நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பும் உண்டு. ஒன்று கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மகளுக்கு முதலிலேயே அதைச் சொல்லுங்கள். நடுவில் தெரிந்தால் அதுவே அடுத்த சண்டை.

*

சனசமூக நிலையத்தில் ஒரு சுவிட்சை வைத்து 16 பிள்ளைகளுக்குப் போட்டி நடத்த எண்ணுகிறோம். ஒரு பின்னேரத்தில் முடியுமா? — களுவாஞ்சிக்குடி

பலகையை விட்டுவிட்டுச் சிறு விளையாட்டை மட்டும் வைத்தால் முடியும். சூப்பர்ஸ்டார்ஸில் அதற்கென்று தனிப் பகுதி உண்டு. நாலு பேர் கொண்ட நாலு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் 5 ஆட்டம், விளக்கத்தோடு ஓர் ஆட்டத்துக்கு 3 நிமிடம், ஆக 15 நிமிடம். முதலிடத்துக்கு 4 புள்ளி, பிறகு 3, 2, 1. எல்லாக் குழுவுக்கும் அதே 5 ஆட்டங்களைக் கொடுங்கள். தனித்தனியாக மோதுபவை மட்டும் போதும். ஒருவருக்கு மூவர் ஆட்டம் போட்டிக்கு நீதியாக இராது. முதல் சுற்று ஒரு மணி. குழுவுக்கு இருவராக எட்டுப் பேர் இரண்டு அரையிறுதியில், அரை மணி. இறுதி 15 நிமிடம். மொத்தம் ஒன்றே முக்கால் மணி, ஆள் மாறும் நேரத்துக்கு இன்னும் அரை மணி வையுங்கள்.

முதல்நாள் இரவே ஜாய்-கான் நாலையும் சார்ஜ் ஏற்றுங்கள். முழுதாக ஏற மூன்றரை மணி ஆகும், ஏறினால் ஏறத்தாழ 20 மணி நிற்கும். டொக்கை ரீவிக்குப் பின்னாலோ இரும்பு அலுமாரிக்குள்ளோ வைக்கவேண்டாம். ஜாய்-கானின் தொடர்பு விட்டுவிட்டு அறும். ஒவ்வொரு குழுவும் உட்கார்ந்தவுடன் கன்ட்ரோலர் வரிசையைப் புதிதாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் புள்ளி இன்னொருவர் பெயரில் விழும்.

*

யப்பானிலிருந்து வந்த பழைய கொன்சோல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? — சம்மாந்துறை

முதல் சுவிட்ச் என்றால் வாங்கலாம். எந்த நாட்டு விளையாட்டு அட்டையும் அதில் ஓடும், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றலாம், தட்டைக் கால் பிளக்குக்கு ஒரு மாற்றி போதும். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 என்றால் கவனம். யப்பானுக்கென்று மலிவாக விற்கும் மாதிரியில் யப்பானிய மொழி மட்டும்தான், யப்பான் கணக்கு மட்டும்தான் ஏற்கும். காசு கொடுக்கு முன் அதை இயக்கி, மொழித் தெரிவில் ஆங்கிலம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.